பன்னிரண்டு கட்டில், ஒரு பை

"இன்னொரு தடவ. வாயத் தொறந்து சொல்லுங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும் கேட்டாப் பத்தாது, கீழ இருக்கற டென்டிஸ்ட்டுக்கும் கேக்கணும்" என்கிறாள் வஜீஹா.

பதினெட்டுப் பேர் சேர்ந்து சொல்கிறார்கள்: "கேபன் ஸீ மியர் தாஸ் பிட்டே ஷ்ரிஃப்ட்லிஷ்." தயவுசெய்து அதை எழுத்தில் கொடுங்கள் என்று பொருள். தேனாம்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருக்கும் அந்த இரண்டாவது மாடி வகுப்பில் ஜெர்மன் படிக்க வருகிறவர்கள், வணக்கம் சொல்லக் கற்பதற்கு முன்பே இந்த வாக்கியத்தைக் கற்றுவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் இது எங்கேயோ பின்னால் கிடக்கிறது. வஜீஹா அதை இழுத்துக்கொண்டுவந்து முதல் நாளில் வைத்திருக்கிறாள்.

செவிலியர் வேலைக்குப் போகப்போகும் ஒரு பெண் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேம், போன மொத வாரத்துலயே இதச் சொன்னா, சண்டக்காரின்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"நெனச்சுக்கட்டும். அதையும் எழுத்துல குடுக்கச் சொல்லுங்க."

வஜீஹாவுக்கு இருபத்தெட்டு வயது. குள்ளம். கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள், பிறகு அதையே பத்து நிமிடம் தேடுவாள். வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்த மாட்டாள். நாற்காலி அவளுடைய துப்பட்டாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும்தான். ஆதம்பாக்கத்தில் அம்மி (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள்), அப்பாவோடு இருக்கிறாள். அப்பா குலாம் ரசூல் தி.நகரில் ஜிப், பொத்தான், லேஸ் விற்கும் கடை வைத்திருக்கிறார். மகள் ஆறு வருடமாகக் கறி சாப்பிடுவதில்லை என்பதில் அவருக்குத் தீராத மனக்குறை. ஜெர்மனியில் படித்த இரண்டு வருடமும் பருப்பும் சோறும் தின்றே ஓட்டியதில் அவளுக்குக் கறியின் ருசியே விட்டுப்போயிற்று. "படிக்க அனுப்புனா பச்சப்புல்லு திங்கக் கத்துக்கினு வந்துருக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

அவளுடைய கோபத்தை அறிந்துகொள்ள கொஞ்ச நாள் பழக வேண்டும். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது. மரியாதை ஏறும். சாதாரணமாக ஆட்டோக்காரரிடம் "அண்ணா, இன்னாண்ணா இது" என்று பேசுகிறவள், அநியாயம் என்று தோன்றிவிட்டால் குரலைத் தாழ்த்தி, "அப்படிங்களா" என்பாள். அடுத்து "தாங்கள்" வந்தால் எதிரில் இருப்பவர் நகர்ந்துவிடுவது நல்லது. வீட்டில் அவள் "தாங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது கேட்டாலே அம்மி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார்.

அடையாறில் ஆறாவது மாடியில் ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று நாள் பாடம் சொல்லப் போய்க்கொண்டிருந்தாள். லிஃப்ட் கதவில் ஒரு பலகை: வீட்டு வேலை செய்பவர்களும் பொருள் கொண்டுவருபவர்களும் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. முதல் நாளே அதைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவதையும் பார்த்தாள். அன்றிலிருந்து அவளும் படியேறினாள். இரண்டாவது வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வழியில் மடக்கி, "நீங்க டீச்சர், நீங்க லிஃப்ட்ல போலாம்மா" என்றார்.

"அப்படிங்களா. நானும் வீட்டுக்கு வேலை செய்யத்தான் சார் வர்றேன். டீச்சர் போலாம், பாத்திரம் கழுவுறம்மா போகக் கூடாதுன்னு தாங்கள் எழுத்துல குடுத்தீங்கன்னா நான் லிஃப்ட்ல போறேன்."

அவர் எழுதித் தரவில்லை. பலகையையும் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள்தான் பாடத்தை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாச் சண்டையிலும் வஜீஹா ஜெயித்துவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூரில் வீடு தேடியபோதும் அப்படித்தான். ஆதம்பாக்கத்திலிருந்து வந்துபோக நேரம் ஆகிறது என்று, மாடிப் போர்ஷன் ஒன்றைப் பார்க்கப் போனாள். வாசலில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார், மோர் கொடுத்தார், பெயரைக் கேட்டார். கேட்ட பிறகு, "எங்காத்துல வெஜிடேரியனுக்கு மட்டுந்தாம்மா விடறதுண்டு. தப்பா எடுத்துக்கப்படாது" என்றார்.

"நான் வெஜிடேரியன்தான் சார். முட்டகூடத் தொட மாட்டேன்."

அவர் மோர் தம்ளரைப் பார்த்தார். "இல்ல, அதுக்கில்ல... என்னன்னா..." என்று இழுத்தார். என்ன என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. வஜீஹா கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "என்னன்னு தாங்கள் எழுதிடுங்க சார். சொல்றதுக்குச் சங்கடமா இருந்தா எழுதறது சுலபம்." அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மின்விசிறியில் நோட்டின் வெள்ளைத் தாள் கொஞ்ச நேரம் புரண்டுகொண்டிருந்தது. இன்றும் அவள் ஆதம்பாக்கத்திலிருந்துதான் வந்துபோகிறாள்.

இந்த "எழுத்துல குடுங்க" அவள் பிறவியிலேயே கொண்டுவந்தது அல்ல. வியன்னாவில் ஒரு காலை நேரத்தில் அதைச் சொல்லாமல் விட்டதனால் வந்தது.

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். மார்ச் விடுமுறையில் ஐந்து நாள் வியன்னா. நாளொன்றுக்குப் பதினைந்து யூரோவுக்கு மேல் போகக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, முதுகுப்பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு பேருந்தில் புறப்பட்டாள். பையில் இரண்டு செட் துணி, சுருட்டிய தொழுகை விரிப்பு, ஒரு டப்பா அவல், அம்மி செய்து அனுப்பியிருந்த வெங்காயத் தொக்கு ஒரு பாட்டில்.

அந்த முதல் மூன்று நாட்களைப் பற்றிக் கேட்டால் வஜீஹாவின் முகம் மாறும். வகுப்பில் எப்போதாவது சொல்வாள். டிராம் ஏறாமல் அந்த ஊரை முழுக்கக் காலாலேயே அளந்தது. தெருக்குழாயில் மலைத் தண்ணீர் வந்தது. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அவள் தங்கியிருந்தது சுற்றுலா வருபவர்களுக்கான மலிவு ஹாஸ்டல்; அதன் சமையலறையில், ஊருக்குப் போனவர்கள் விட்டுச்சென்ற சாமான்கள் ஓர் அலமாரியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அரைப் பாக்கெட் பாஸ்தா, யாரோ மிச்சம் வைத்த எண்ணெய், உப்பு. அதில் தொக்கைப் போட்டுக் கிளறினால் ராஜ சாப்பாடு. ஒருநாள் சாயங்காலம் ஆபரா இசைநாடக மாளிகையில் நின்றுகொண்டே பார்ப்பதற்கான மலிவுச் சீட்டு வாங்கினாள். அங்கே இடம் பிடிக்கக் கம்பியில் துண்டைக் கட்டிவைப்பார்கள். எல்லோரும் கழுத்துத்துண்டைக் கட்ட, இவள் துப்பட்டாவைக் கட்டினாள். "பஸ்ஸுல கர்ச்சீப் போட்டு எடம் புடிக்கற ஊர்லேந்து வந்தவ. எனக்கா தெரியாது?" என்பாள்.

ஆணும் பெண்ணுமாகத் தங்கும், பன்னிரண்டு கட்டில் போட்ட அறை. அதில் இன்னொரு சென்னைக்காரனும் இருந்தான். சித்தார்த்தன், அடையாறு, அவனும் ஜெர்மனியில்தான் படித்தான். ஊர்க்குரல் கேட்ட சந்தோஷத்தில் இரண்டு நாளும் அவளுடைய தொக்கில்தான் அவனுக்கு ரொட்டி. பெயரைக்கூடக் கேட்காமல், "மச்சி, உங்கம்மாவுக்குக் கோயிலே கட்டலாம்" என்றான். அம்மிக்குக் கோயில் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை அவனுடைய கேமராவைக் காணவில்லை. அவன் கீழே போய்ச் சொன்னான். வரவேற்பு மேஜைக்காரன் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். அறையில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். மேஜைக்காரன் கட்டில்களை வரிசையாகப் பார்த்தபடி நடந்துவந்து அவள் கட்டிலுக்கு முன்னால் நின்றான். பையைத் திறக்கச் சொன்னான். அவள் பையை மட்டும்.

"இவளை உனக்குத் தெரியுமா?" என்று சித்தார்த்தனிடம் கேட்டான்.

"இல்ல. இங்கதான் பாத்தேன்" என்றான் சித்தார்த்தன். அது பொய்யில்லை. அதைத்தான் வஜீஹாவால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

துணி, உள்ளாடை, விரிப்பு எல்லாம் கட்டிலில் கொட்டப்பட்டன. விரிப்பை உதறினார்கள். தொக்குப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்த மேஜைக்காரன், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளே விட்டுக் கிளறினான். ஒரு கேமராவை யாராவது ஊறுகாய் பாட்டிலில் ஒளித்துவைப்பார்களா என்று அவனுக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பேருக்கும் தோன்றவில்லை. பேனாவை அவளுடைய துண்டிலேயே துடைத்தான். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் "நடைமுறைதான்" என்றான். மற்ற பதினோரு பைகளுக்கு அந்த நடைமுறை கிடையாது.

அவளுக்கு ஜெர்மன் தெரியும். பரீட்சையில் நல்ல மதிப்பெண்கூட. அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. வாயிலிருந்து வந்தது ஆங்கிலத்தில்: "இட்ஸ் ஓகே."

ஒரு மணி நேரம் கழித்து, சித்தார்த்தன் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன்னுடைய ஜாக்கெட்டின் உள்பையில் கேமரா இருந்ததைக் கண்டுபிடித்தான். "சாரி மச்சி, தூக்கக் கலக்கம்" என்றான். ஹாஸ்டல்காரர்கள் அவளுக்கு இலவசக் காலை உணவுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். பசி. வெளியே அதே உணவு எட்டு யூரோ. அவள் கூப்பனைக் கொடுத்து, தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து நான்கு ரொட்டி தின்றாள். தொக்கைக் குப்பையில் கொட்டிவிட்டு பாட்டிலைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டாள். "கூப்பன அவன் மூஞ்சில போட்டுட்டு வந்திருக்கணும். தின்னேன். நாலு தின்னேன்" என்று ஒருமுறை அம்மியிடம் சொன்னாள். அம்மி, "பசிச்சா திங்கத்தானே வேணும்?" என்றார். அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை.

போன மாதம், வகுப்பை நடத்தும் மாணிக்கவாசகம் சார் தன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனம் தி.நகரில் கூட்டம் நடத்துகிறது. அதோடு ஒப்பந்தம் போட்டால் மாதம் மூன்று வகுப்பு கூடும். வஜீஹாதான் அங்கே முதன்மை ஆசிரியை. அவள் மேடையில் பத்து நிமிடம் மொழியைப் பற்றிப் பேச வேண்டும். விளம்பரத்தின் நடுவில், முதுகுப்பையோடு சிரித்துக்கொண்டிருந்த நிறுவனர், சித்தார்த்தன்.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறேன் என்றாள். பழசைக் கிளறப்போவதில்லை என்று தனக்குள் முடிவு செய்துகொண்டுதான் போனாள். வாசலில் அவன் கைகூப்பி, "வெல்கம் மேம்" என்றான். அவன் கண்ணில் அடையாளம் எதுவும் தெரியவில்லை. வியன்னாவில் அவள் தலையை மூடியிருந்தாள், இப்போது பென்சில் செருகிய கொண்டை. அதனால் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். முகம் என்னவோ அதேதான்.

கல்யாண மண்டபத்தின் சின்ன ஹால். நூற்றைம்பது பேர், பாதிப் பேர் பெற்றோர். சித்தார்த்தன் நன்றாகப் பேசினான். மாணவனாக ஐரோப்பாவைச் சுற்றியது, விமான நிலையத்தில் படுத்தது எல்லாம் சொன்னான். பிறகு வியன்னாவுக்கு வந்தான்.

"என் கேமரா மிஸ்ஸிங். ரூம்ல நம்மூர்ப் பொண்ணு ஒண்ணு. அது பேகத் தொறந்தாங்க பாருங்க, மளிகக் கட. தொக்கு பாட்டில்ல ரிசப்ஷனிஸ்ட் பேனா விட்டுக் கிண்டறான் கைஸ், ஃப்ளோர் முழுக்க வெங்காய வாசன. அதனால லெசன் ஒன்: ஊறுகா எடுத்துனு போகாதீங்க. பாக்கறதுக்கு டூரிஸ்ட் மாதிரி இருங்க, சந்தேகப்படற மாதிரி இருக்காதீங்க."

ஹால் சிரித்தது. மேடையில் பக்கத்து நாற்காலியில் மாணிக்கவாசகமும் சிரித்தார். வஜீஹா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. அவளுக்கென்று நீட்டிய இன்னொரு மைக்கை வாங்கினாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"சித்தார்த்தன் சார், தாங்கள் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கேமரா கடைசில எங்க இருந்துச்சு?"

"அது கெடச்சிருச்சு மேம். ஹேப்பி எண்டிங்" என்று சிரித்தான் அவன்.

"சந்தோஷம். எங்க?"

"மேம், டைம் கம்மியா இருக்கு. கேள்வி நேரத்துல பாத்துக்கலாமே."

மாணிக்கவாசகம் மேஜைக்கடியில் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். அப்போது இரண்டாவது வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். மீனாட்சி என்று பெயர், தி.நகரில் பாத்திரக் கடை, தெற்கத்திப் பேச்சு. பக்கத்தில் மகள் வெட்கத்தில் அவர் சேலையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க தம்பி. எம்மவ அடுத்த மாசம் பிளேன் ஏறப்போறா. நாளைக்கு அவ பையயும் இப்படித் தொறப்பாங்கல்லா. கேமரா எங்கன கெடந்துச்சுன்னு சொல்லிட்டு மேல பேசுங்க."

சித்தார்த்தன் மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"என் ஜாக்கெட்லதான் ஆன்ட்டி இருந்துச்சு."

"அப்ப அந்தப் புள்ள?"

"அவங்க ஒண்ணும் பெருசா எடுத்துக்கல ஆன்ட்டி. இட்ஸ் ஓகேன்னு சொல்லிட்டாங்க."

"சொன்னேன்" என்றாள் வஜீஹா.

அவன் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் பார்த்தான்.

"நாந்தான் சொன்னேன். தொக்கு எங்க அம்மி செஞ்சது. ரெண்டு நாள் தாங்களும் சாப்ட்டீங்க. ரூம்ல பன்னெண்டு கட்டில். ஒரு பையத்தான் தொறந்தாங்க. இவளத் தெரியுமான்னு தங்களக் கேட்டாங்க. சந்தேகப்படற மாதிரி நான் எப்டி இருந்தேன்னு இன்னிக்காவது சொல்லுங்க. மத்தவங்க பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்."

அவன் மேஜையிலிருந்த விளம்பரத் தாள்களை எடுத்து அடுக்கினான். யாரும் சிரிக்கவில்லை. மீனாட்சி உட்காரவும் இல்லை.

வஜீஹா கையிலிருந்த குறிப்புச் சீட்டைப் பிரித்தாள். எந்தத் தேர்வுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும், உச்சரிப்பை எப்படிப் பழக வேண்டும் என்று, ஒத்துக்கொண்ட பத்து நிமிடத்தையும் வரி விடாமல் பேசி முடித்தாள். பெற்றோர் குறிப்பெடுத்தார்கள். வேலைக்கு வந்த இடத்தில் வேலையைக் குறை வைத்துவிட்டாள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

ஒப்பந்தம் பிறகு கையெழுத்தாகவில்லை. மாணிக்கவாசகம் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், போர்டுக்கு எழுதும் மார்க்கர் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும், நம் ஊர் வழக்கப்படி, மேடையில் பேச வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒலிபெருக்கியில் அவள் பெயரைப் படித்துவிட்டார்கள். மாணிக்கவாசகம் குனிந்து, "போட்டோ எடுக்கறாங்கம்மா. ஒரு நிமிஷம் சிரிச்சுரு, போதும்" என்று கெஞ்சினார்.

சித்தார்த்தன் ஜரிகை போட்ட மஞ்சள் ஆடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். கிட்டே வந்ததும், புகைப்படத்துக்காகச் சிரித்த முகத்தை மாற்றாமலே, "அப்ப நம்ம சின்னப் பசங்க. விட்ருவோமே, ப்ளீஸ்" என்றான் மெல்ல.

"அப்படிங்களா" என்றாள் வஜீஹா.

தோளுக்கு வரும் முன் ஆடையின் இரண்டு முனைகளையும் அவன் விரல்களிலிருந்து வாங்கினாள். முனையோடு முனை சேர்த்தாள். நீளத்தில் ஒருமுறை மடித்தாள், அகலத்தில் ஒருமுறை மடித்தாள், ஜரிகை சுருங்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியபடி காத்திருந்தார். இன்னும் நீட்டியபடியே இருந்த சித்தார்த்தனின் இரண்டு கைகளின் மேலும் அதைப் பதமாக வைத்துவிட்டு, அவள் தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.